பங்குப் பதிவேட்டில் பாட்டன் பூட்டனைத் தேடுவது எப்படி: கிராமத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒரு பழைய கிராமப் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தால் நாலு பக்கத்துக்குள் பல சவரிமுத்துகள் வந்துவிடுவார்கள். அவர்களில் ரெண்டு பேருக்கு அப்பா பெயர் அந்தோணி என்றும் இருக்கும். குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஐரோப்பியர்களுக்காக எழுதப்பட்ட வம்சாவளி வழிகாட்டிகள் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கிப் போகச் சொல்கின்றன. அந்த வழி நம் கிராமங்களில் முதல் நாளே முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். இங்கே பெயர்தான் மிகப் பலவீனமான சான்று. கணவன் மனைவி ஜோடி, ஊர், ஞானப்பெற்றோர், திருமணத்துக்கு வாங்கிய விலக்கு (சொந்தத்தில் கட்டத் திருச்சபை தரும் அனுமதி), இவைதான் ஆளை அடையாளம் காட்டும். மொத்தத்தில், ஆளைத் தேடாமல் உறவைத் தேட வேண்டும்.

இந்த வழிகாட்டி உள்நாட்டுக் கிராமங்களுக்கானது. முத்துக்குளித்துறைக் கடலோர ஊர்களில் பெர்னாண்டோ, ரோச், மோத்தா என்று போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர்கள் நிலைத்திருப்பதால் அங்கே வேலை கொஞ்சம் சுலபம். மற்றபடி முறை ஒன்றுதான்.

எவ்வளவு பின்னால் போக முடியும்?

1563-இல் திரெந்து பொதுச்சங்கம் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிவேட்டில் எழுதச் சொன்னது. 1614-இல் வந்த உரோமைச் சடங்கு நூல் ஒவ்வொரு பங்கிலும் ஐந்து ஏடுகள் வேண்டும் என்றது: ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், திருமணம், இறப்பு, அப்புறம் வீடுவீடாகக் குடும்பங்களை எழுதும் குடும்ப ஏடு. சட்டம் இப்படி. நம் பக்கத்து நிலவரம் வேறு.

இயேசு சபைக் குரு தத்துவ போதகர் (ராபர்ட் தெ நொபிலி) மதுரைக்கு வந்தது 1606-இல். அதே சபையின் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) ஓரியூரில் கொல்லப்பட்டது 1693-இல். ஆனால் அந்தக் காலத்துக் குருக்கள் ஊர் ஊராகச் சுற்றினார்கள், போர்களுக்கும் கைதுகளுக்கும் நடுவே வாழ்ந்தார்கள். ஏடுகள் எழுதப்பட்டிருந்தாலும் மிஞ்சியவை சொற்பம். 1773-இல் இயேசு சபையே கலைக்கப்பட்டது. 1830-களின் கடைசியில் பிரெஞ்சு இயேசு சபையினர் வந்து மதுரை மிஷனை மறுபடி தொடங்கினார்கள். புதுச்சேரிப் பக்கம் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையினர் 1770-களிலேயே பொறுப்பேற்றிருந்தார்கள். அதனால் சாதாரண உள்நாட்டுக் கிராமத்துக்கு 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஏடு கிடைத்தால் அதுவே நல்ல பலன். "எங்கள் மூதாதையருக்கு அருளானந்தரே ஞானஸ்நானம் கொடுத்தார்" என்று பல ஊர்களில் சொல்வார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பங்குப் பதிவேட்டை வைத்து அதை நிரூபிக்க முடியாது, அதற்காக நேரத்தைச் செலவிடவும் வேண்டாம்.

முதல் படி: வீட்டை முடித்துவிட்டுக் கோயிலுக்குப் போங்கள்

கோயில் அலுவலகத்தில் உங்களுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். "எங்க தாத்தா சூசை, எந்த வருஷம்னு தெரியாது" என்று போய் நின்றால் ஒன்றும் நடக்காது. வீட்டிலேயே கிடைப்பவற்றை முதலில் திரட்டுங்கள்: பழைய ஜெபப்புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதிய பிறந்த தேதிகள், மரண நினைவு அட்டைகள், கல்யாணப் பத்திரிகைகள், பள்ளிச் சான்றிதழ்கள், கல்லறைக் கற்கள். நிலப் பத்திரங்களைக் கண்டிப்பாகப் பாருங்கள். "சவரிமுத்து குமாரன் சூசை" என்று அப்பா பெயரோடு ஆளைக் குறிப்பது பத்திரத்தில்தான். வீட்டில் இல்லாவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம்.

வயதானவர்களிடம் பெயரையும் தேதியையும் மட்டும் கேட்காதீர்கள். பெண் எங்கிருந்து எடுத்தார்கள், எந்த ஊரில் கொடுத்தார்கள், தாய்மாமன் யார், கல்யாணம் சொந்தத்திலா அசலிலா, எந்த ஊர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போவார்கள், சிலோனுக்கோ பர்மாவுக்கோ மலேயாவுக்கோ போனவர் உண்டா, இதையெல்லாம் கேளுங்கள். தேதியை எல்லோரும் தப்பாகச் சொல்வார்கள். பெண் எடுத்த ஊரைக் கிழவிகள் தப்பாகச் சொல்வது அபூர்வம்.

இரண்டாம் படி: உங்கள் ஊர் எந்தக் காலத்தில் எந்தப் பங்கில் இருந்தது?

பலர் இங்கேதான் வழி தவறுகிறார்கள். இன்று தனிப்பங்காக இருக்கும் ஊர் 1950-இல் பக்கத்து ஊரின் கிளைக்கிராமமாக இருந்திருக்கும். 1880-இல் அந்தப் பக்கத்து ஊரும் வேறொரு பெரிய பங்கின் கிளைதான். உங்கள் ஊர்க் கோயிலில் 1962-க்கு முன்னே ஏடு இல்லை என்றால் ஏடு தொலைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அது தாய்ப்பங்கில் பத்திரமாக இருக்கலாம். சருகணி, ஆவூர், ஏலாக்குறிச்சி, புறத்தாக்குடி, காமநாயக்கன்பட்டி, வடக்கன்குளம் போன்ற பழைய மையங்களிலிருந்து எத்தனையோ பங்குகள் பிரிந்திருக்கின்றன.

பங்கு எப்போது பிரிந்தது என்பதைத் திருவிழா மலர், வெள்ளி விழா மலர், கோயில் கல்வெட்டு, மறைமாவட்டக் கையேடு ஆகியவற்றில் பார்க்கலாம். ஒரு தாளில் ஊர் பெயரை எழுதி அதன் கீழே வருட வாரியாகத் தாய்ப்பங்குகளை வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்.

மறைமாவட்டத்துக்கும் இதே கதைதான். தேவகோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1846 முதல் அது மதுரை திருஆட்சிப் பகுதி, 1886 முதல் திருச்சி மறைமாவட்டம், 1938 முதல் மதுரை, 1987 முதல் சிவகங்கை. ஆயர் இல்லத்து ஆவணங்கள் இந்த எல்லா இடங்களிலும் சிதறியிருக்கலாம். தூத்துக்குடி 1923-இல் திருச்சியிலிருந்து பிரிந்தது, கும்பகோணம் 1899-இல் புதுச்சேரியிலிருந்து பிரிந்தது. கோட்டாறு 1930-இல் கொல்லத்திலிருந்து பிரிந்ததால் குமரி மாவட்டக்காரர்கள் கேரளா பக்கமும் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொரு சிக்கல் பதுரவாதோ விவகாரம். போர்த்துக்கல் அரசின் ஆதரவில் இயங்கிய குருக்களும் உரோமை நேரடியாக அனுப்பிய குருக்களும் 19-ஆம் நூற்றாண்டில் ஒரே வட்டாரத்தில் போட்டியாக ஊழியம் செய்தார்கள். சண்டை வந்தபோது சில குடும்பங்கள் கட்சி மாறின. உங்கள் குடும்பம் ஒரு ஏட்டில் திடீரென்று பத்து வருஷம் காணாமல் போய் மறுபடி வந்தால், இடைப்பட்ட குழந்தைகள் எதிர்த்தரப்புக் கோயிலின் போர்த்துக்கீசிய மொழி ஏட்டில் இருக்க வாய்ப்புண்டு.

மூன்றாம் படி: பங்குத்தந்தையை அணுகுவது

பங்குப் பதிவேடு பொது ஆவணம் இல்லை. காட்டுவதும் மறுப்பதும் பங்குத்தந்தையின் பொறுப்பு. அதனால் முதலில் ஒரு கடிதம் கொடுங்கள்: நீங்கள் யார், எந்தக் குடும்பம், எந்த வருடங்களுக்கு இடைப்பட்ட ஏடு, எதற்காக. உங்கள் இப்போதைய பங்குத்தந்தையிடம் ஒரு அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

கிறிஸ்துமஸ், தவக்காலம், ஊர்த் திருவிழா நாட்கள் வேண்டாம். மே, ஜூன் மாதங்களும் வேண்டாம். பள்ளி சேர்க்கைக்காகச் சான்றிதழ் கேட்டு ஊரே அலுவலகத்தில் நிற்கும். வார நாளில் முற்பகல் நல்லது. உபதேசியாரிடமோ கோயில்பிள்ளையிடமோ பேசிப் பழகுங்கள். எந்த அலமாரியில் எது இருக்கிறது என்பது அடிக்கடி மாற்றலாகும் சாமியாரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். காணிக்கை கொடுங்கள், ஆனால் கேட்கும்போதே கொடுக்காமல் வேலை முடிந்து கிளம்பும்போது கொடுங்கள்.

பேனாவை உள்ளே கொண்டுபோகாதீர்கள், பென்சில் போதும். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பக் கூடாது. பழைய இரும்பு மை தாளை அரித்திருக்கும், முழுப் பக்கமும் விரித்த கையின் மேல் இருக்கும்படி மெதுவாகத் திருப்ப வேண்டும். படம் எடுக்க அனுமதி கேளுங்கள். அனுமதித்தால் ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில், முழுப் பக்கத்தையும் எடுங்கள். உங்களுக்கு வேண்டிய வரியை மட்டும் எடுத்தால் பின்னால் வருடமும் பக்க எண்ணும் தெரியாமல் தவிப்பீர்கள். ஏட்டின் முதல் பக்கத்தையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முப்பது வருஷத்துப் பதிவுகள் ஒரே கையெழுத்தில், ஒரே மையில் இருந்தால் அது மூல ஏடு இல்லை. கரையான் அரித்த ஏட்டைப் பார்த்து யாரோ பின்னால் எழுதிய படி. படியெடுத்தவர் பிழை அதில் நிச்சயம் இருக்கும். மூலத்தின் மிச்சம் எங்காவது கட்டி வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

நான்காம் படி: பெயர்களின் இரட்டை வாழ்க்கை

ஐரோப்பியக் குரு எழுதிய ஏடு பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். ஊரில் சின்னப்பன் என்று அழைக்கப்பட்டவர் அங்கே பவுலுஸ். இராயப்பன் என்றால் பேத்ருஸ், அருளப்பன் என்றால் யோவான்னஸ், யாகப்பன் என்றால் யாக்கோபுஸ், சூசை என்றால் யோசேஃபுஸ், ஞானப்பிரகாசம் என்றால் அலோய்சியுஸ், தேவசகாயம் என்றால் லாசருஸ், ஆசீர்வாதம் என்றால் பெனதிக்துஸ். ஏட்டின் கடைசியில் பெயர் அட்டவணை இருந்தால் அது லத்தீன் பெயரின் முதல் எழுத்துப்படி இருக்கும். சின்னப்பனை அட்டவணையில் 'ச' வரிசைக்குரிய எழுத்துகளில் தேடிவிட்டு இல்லை என்று திரும்பியவர்கள் நிறைய.

லத்தீனில் வேற்றுமை பெயரின் வாலில் ஏறும். பவுலுஸ் என்றால் பவுல், பவுலி என்றால் பவுலின். யோவான்னிஸ் என்றால் யோவானின், மரியே என்றால் மரியாவின். அப்பா பெயர் பவுலி, மகன் பெயர் பவுலுஸ் என்று இருந்தால் இருவர் பெயரும் ஒன்றுதான்.

பிரெஞ்சுக் குருக்கள் தமிழ்ப் பெயரை அப்படியே எழுதும்போது தங்கள் மொழியின் உச்சரிப்புப்படி எழுதுவார்கள். நம் 'உ' ஓசைக்கு ஓ-வும் யூ-வும் சேர்ந்த இரண்டு எழுத்து வரும். 'அன்' என்ற முடிவு 'என்' என்று ஆகிவிடும். ஊர்ப் பெயரையும் சத்தம் போட்டு வாசித்துப் பாருங்கள், கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும்.

ஒரே ஆளுக்கு ஏட்டுப் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் இன்னொன்று என்பதும் சகஜம். ஏட்டில் பிரான்சிஸ்குஸ் சவேரியுஸ், ஊரில் வெள்ளையன். பெயரே சில சமயம் காலத்தையும் காட்டும். லூர்து என்று ஒருவருக்குப் பெயர் இருந்தால் அவர் பிறந்தது 1858-இல் லூர்து நகரில் நடந்த மாதா காட்சிக்குப் பிறகுதான். அடைக்கலம் என்ற பெயர் ஏலாக்குறிச்சி மாதா பக்தியையும், பெரியநாயகம் என்பது கோணான்குப்பத்தையும் நினைவூட்டும். அந்த வட்டாரங்களோடு குடும்பத்துக்குப் பழைய தொடர்பு உண்டா என்று பார்க்க இது ஒரு சாக்கு, சான்று இல்லை.

ஐந்தாம் படி: ஞானஸ்நானப் பதிவை வாசிப்பது

லத்தீன் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். ஒரே வாய்பாடுதான் திரும்பத் திரும்ப வரும். இந்த நாளில், கீழே கையொப்பமிட்ட நான், இந்த நாளில் பிறந்த குழந்தைக்கு, இன்னார் இன்னார் தம்பதிக்குப் பிறந்ததற்கு, ஞானஸ்நானம் கொடுத்து இந்தப் பெயரை இட்டேன், ஞானப்பெற்றோர் இன்னார். பத்து பதிவுகளைப் பார்த்தால் பதினொன்றாவது தானே படியும்.

சில சொற்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 'பாப்திசாவி' ஞானஸ்நானம் கொடுத்தேன். 'நாத்துஸ்' பிறந்தவன், 'நாத்தா' பிறந்தவள். 'ஹோதியே' இன்று, 'ஹேரி' நேற்று, 'பிரிதியே' முந்தின நாள். 'கோன்யுகெஸ்' தம்பதி. 'பாத்ரினுஸ்', 'மாத்ரினா' ஞானத்தந்தை, ஞானத்தாய். 'சுப் கோந்திசியோனே' என்றிருந்தால், வீட்டில் மருத்துவச்சியோ உபதேசியாரோ அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்திருக்க, அது செல்லுமா என்ற சந்தேகத்தில் குரு மறுபடி கொடுத்தார் என்று பொருள். 'அதுல்துஸ்' வயது வந்தவர். இந்தச் சொல்லைக் கண்டால் நின்றுவிடுங்கள், கடைசியில் இதற்கு வருவோம்.

மாதப் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. 7 என்ற எண்ணுக்குப் பின்னால் 'பிரிஸ்' என்று எழுதியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், உரோமன் பத்து என்றால் டிசம்பர். பழைய உரோமை ஆண்டு மார்ச்சில் தொடங்கியதன் மிச்சம் இது.

ஓரக் குறிப்புகளைத் தவறாமல் பாருங்கள். 1908 முதல், ஒருவர் எங்கே கல்யாணம் செய்தாலும் அந்தத் தகவலை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பி, அவருடைய பதிவின் ஓரத்தில் எழுத வேண்டும் என்று விதி வந்தது. அதனால் 1885-இல் பிறந்து 1910-இல் வேறு ஊரில் பெண் எடுத்தவருக்கு அந்த ஊரும் தேதியும் மனைவி பெயரும் பிறந்த பதிவின் பக்கத்திலேயே கிடைக்கலாம். கிராமப் பங்குகளில் இது ஒழுங்காக நடந்தது என்று சொல்ல முடியாது. இருந்தால் அது ஒரே வரியில் அடுத்த பங்குக்கு வழிகாட்டும்.

குழந்தை உங்கள் ஊர் ஏட்டில் இல்லையா? தலைப்பிரசவம் என்றால் தாய்வீட்டு ஊர் ஏட்டைப் பாருங்கள். குழந்தையைப் பிறந்த சில நாட்களுக்குள் கோயிலுக்குக் கொண்டுபோகும் வழக்கம் இருந்ததால், மூத்த பிள்ளையின் பதிவு அம்மாவின் பங்கில் இருப்பது வெகு சாதாரணம். அந்தப் பதிவைத் தேடிப் போனால் அம்மாவின் பிறந்த வீடும் சேர்ந்தே கிடைக்கும்.

ஞானப்பெற்றோர் பெயரை எப்போதும் எழுதி வையுங்கள். பெரும்பாலும் நெருங்கிய உறவினர்தான். ஒரு தம்பதியின் ஆறு பிள்ளைகளுக்கும் யார் யார் ஞானப்பெற்றோர் என்று வரிசையாக எழுதினால் பெரியப்பா சித்தப்பா வகையும் மாமன் அத்தை வகையும் மெல்லத் தெளியும்.

ஆறாம் படி: திருமண ஏடும் விலக்கும்

நேரம் குறைவாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திருமண ஏட்டைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். இரண்டு பக்கத்து அப்பா அம்மா பெயரும் இரண்டு ஊரும் ஒரே பதிவில் கிடைப்பது இங்கேதான்.

எந்தப் பங்கில் தேடுவது? திருமணம் பொதுவாகப் பெண்ணின் பங்கில் நடக்கும், 1917-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பும் அதையே பொது விதியாக வைத்தது. ஆகவே தாத்தாவின் கல்யாணத்தைப் பாட்டியின் ஊரில் தேடுங்கள். மூன்று முறை ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்தார்களா, வாசிக்காமல் இருக்க அனுமதி வாங்கினார்களா என்றும் எழுதியிருப்பார்கள்.

இனிதான் விஷயமே. லத்தீன் வரிகளுக்கு நடுவில் 'திஸ்பென்சாசியோ' அல்லது அதன் சுருக்கமும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இரத்த உறவில் கல்யாணம் செய்யத் திருச்சபை தடை வைத்திருந்தது, அதற்கு விலக்கு வாங்க வேண்டும். எந்த அளவு உறவு என்று குரு எண்ணி எழுத வேண்டும். நம் ஊரில் மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டுவது வழக்கமாக இருந்ததால் இந்தக் குறிப்பு பக்கத்துக்குப் பக்கம் வரும். ஐரோப்பாவில் எப்போதாவது கிடைக்கும் சான்று நமக்கு அள்ள அள்ளக் கிடைக்கிறது.

எண்ணும் முறை இது. இருவருக்கும் பொதுவான மூதாதையரிடமிருந்து எத்தனை தலைமுறை கீழே என்பதே கணக்கு. இரண்டாம் நிலை என்றால் இருவருக்கும் தாத்தா பாட்டி ஒன்று, அதாவது உடன்பிறந்தோரின் பிள்ளைகள். மூன்றாம் நிலை என்றால் பூட்டன் பூட்டி ஒன்று. நான்காம் நிலை அதற்கும் மேலே ஒரு தலைமுறை. இரண்டு பக்கமும் சமமாக இல்லாமல் 'முதலாவதைத் தொடும் இரண்டாம் நிலை' என்று வந்தால் அது பெரும்பாலும் அக்காள் மகளைக் கட்டிய தாய்மாமன்.

சபைச் சட்டத்துக்கு அண்ணன் தம்பி பிள்ளைகளும் அண்ணன் தங்கை பிள்ளைகளும் ஒரே இரண்டாம் நிலைதான். நமக்கு அப்படி இல்லையே. பெரியப்பா சித்தப்பா மகள் தங்கை முறை, பெரியம்மா சின்னம்மா மகளும் தங்கை முறை, கல்யாணம் நினைத்தே பார்க்க முடியாது. ஆகவே தமிழ்க் கிராமத்து ஏட்டில் இரண்டாம் நிலை என்றால் மாப்பிள்ளையின் அம்மாவும் பெண்ணின் அப்பாவும் உடன்பிறந்தோர், அல்லது மாப்பிள்ளையின் அப்பாவும் பெண்ணின் அம்மாவும் உடன்பிறந்தோர். இரண்டில் ஒன்று. லத்தீன் குறிப்பு பாதி சொல்கிறது, மீதியை நம் உறவுமுறை சொல்கிறது.

ஒரு கற்பனை உதாரணம். 1893-இல் அந்தோணி மகன் சவரிமுத்துவுக்கும் இராயப்பன் மகள் மரியாயிக்கும் திருமணம், இரண்டாம் நிலை விலக்கு. சவரிமுத்துவின் அம்மா அன்னம்மாள், மரியாயியின் அம்மா சூசையம்மாள். இப்போது சோதிக்க வேண்டியது இரண்டே சாத்தியம்: அன்னம்மாளும் இராயப்பனும் உடன்பிறந்தவர்களா, அந்தோணியும் சூசையம்மாளும் உடன்பிறந்தவர்களா. 1840, 1850-களின் ஞானஸ்நான ஏட்டில் ஒரே பெற்றோருக்கு அன்னாவும் பேத்ருசும் பிறந்திருந்தால் முதல் சாத்தியம் பலப்படும். ஊரில் பத்து சவரிமுத்து இருந்தாலும் இந்த உறவுக்குப் பொருந்துபவர் ஒருவர்தான் இருப்பார்.

சில எச்சரிக்கைகள். 1917 தொகுப்பு 1918-இல் நடைமுறைக்கு வந்தபோது தடை மூன்றாம் நிலையோடு நின்றது. அதனால் அதன்பின் நான்காம் நிலைக் குறிப்பு இல்லாமல் போவது உறவு விட்டுப்போனதைக் காட்டாது, சட்டம் மாறியதைத்தான் காட்டும். 1983 தொகுப்பு எண்ணும் முறையையே மாற்றியது: இப்போது இரண்டு பக்கத் தலைமுறைகளையும் கூட்டி எண்ணுகிறார்கள். அத்தை மகன், மாமன் மகள் இப்போது நான்காம் நிலை, தாய்மாமனும் அக்காள் மகளும் மூன்றாம் நிலை. 1890-ஆம் வருட நான்கும் 1990-ஆம் வருட நான்கும் வேறு வேறு.

இரத்த உறவு அல்லாமல் திருமணத்தால் வந்த உறவுக்கும் அந்தக் காலத்தில் விலக்கு வாங்க வேண்டியிருந்தது. முதல் நிலை என்று வந்தால் பெரும்பாலும் இறந்த மனைவியின் தங்கையைக் கட்டியவர். உடனே முந்தைய திருமணத்தையும் முதல் மனைவியின் இறப்பையும் தேடுங்கள். ஆன்மீக உறவு என்ற தடையும் இருந்தது. ஞானத்தந்தை தன் ஞானமகளைக் கட்ட முடியாது. 1983-க்குப் பின் லத்தீன் சபையில் அது இல்லை.

விலக்கு மனுக்களின் கோப்புகள் ஆயர் இல்லத்தில் தங்கியிருந்தால், அவற்றில் உறவை விளக்கும் சிறு வம்ச வரைபடமே இருக்க வாய்ப்புண்டு. கேட்டுப் பாருங்கள்.

ஏழாம் படி: இறப்பு ஏடும் குடும்ப ஏடும்

இறப்புப் பதிவில் வயதை நம்பாதீர்கள். 'சிர்சித்தேர்' என்ற சொல் வந்தால் 'சுமார்' என்று பொருள், அறுபது என்றால் ஐம்பத்தைந்தும் இருக்கலாம் எழுபதும் இருக்கலாம். 'விதுவா' கைம்பெண், 'விதுவுஸ்' மனைவியை இழந்தவர். இந்தச் சொல்லே கணவனோ மனைவியோ முன்பே இறந்ததற்குச் சான்று. 1876–78 பஞ்ச வருடங்களையும் வாந்திபேதி வருடங்களையும் 1918 விஷக்காய்ச்சலையும் தனியாகப் பாருங்கள். குடும்பமே ஏட்டிலிருந்து மறைவது அந்தச் சமயங்களில்தான். அவசரத்தில் பல சாவுகள் பதிவாகாமலும் போயின.

குடும்ப ஏடு கிடைத்தால் கொண்டாடலாம். வீட்டு வாரியாக எல்லோரும் ஒரே பக்கத்தில் இருப்பார்கள். ஆனால் புதிய ஏடு போட்டதும் பழையதைத் தூக்கி எறிந்த பங்குகளே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

எட்டாம் படி: குடும்பமாகக் கோர்ப்பது

ஒவ்வொரு தம்பதிக்கும் ஒரு தாள். மேலே கணவன், மனைவி, ஊர், திருமண நாள், விலக்கு. கீழே பிள்ளைகள் எல்லோரும், ஞானப்பெற்றோருடன். உங்கள் நேர்வழி முன்னோரை மட்டும் எழுதினால் தவறான சவரிமுத்துவைப் பிடித்துவிடுவீர்கள், எல்லாப் பிள்ளைகளையும் எழுதினால் தவறு தானே வெளிவரும். இரண்டு பிரசவங்களுக்கு நடுவே ஐந்து மாதம்தான் இருந்தால் அங்கே இரண்டு தம்பதிகள் கலந்துவிட்டார்கள். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் முதல் குழந்தை இறந்திருக்கலாம், இறப்பு ஏட்டில் சரிபாருங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் பங்கு, ஏடு, பக்கம், பதிவு எண் எழுதுங்கள். ஊகத்தைப் பென்சிலில் எழுதுங்கள், சான்று உள்ளதை மட்டும் மையில்.

சாதிப் பெயர், முறைதவறிய பிறப்பு என்ற குறிப்பு, தத்தெடுப்பு இவையெல்லாம் கண்ணில் படும். மற்றவர் குடும்பத்துப் பதிவுகளும் உங்கள் படத்தில் விழுந்திருக்கும். அந்தப் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஒருவர் செய்த இந்த வேலையால் அடுத்தவருக்கு ஏடு மறுக்கப்படும்.

ஏடே இல்லாவிட்டால்

1917 தொகுப்பின்படி ஒவ்வொரு வருட முடிவிலும் பங்கு ஏடுகளின் படி ஒன்றை ஆயர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும், குடும்ப ஏடு மட்டும் விதிவிலக்கு. பங்கில் கரையான் தின்ற 1930-ஆம் வருடம் ஆயர் இல்லத்தில் கட்டாகக் கிடக்கலாம். கொடைக்கானல் அருகே செண்பகனூரில் இயேசு சபை மதுரை மாநிலத்தின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. பாரிஸ் சபையின் ஆவணங்கள் பாரிஸில் உள்ளன. அங்கெல்லாம் பெரும்பாலும் கடிதங்களும் அறிக்கைகளும்தான், தனியாள் பதிவை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் உங்கள் ஊரில் எந்த வருடம் எந்தக் குரு இருந்தார், எப்போது பஞ்சம், எப்போது சண்டை என்பது தெளியும்.

புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கு ஒரு கூடுதல் வசதி. பிரெஞ்சு ஆட்சியின் சிவில் பதிவேடுகளில் ஒரு பகுதியை எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த பகுதிகளின் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1881 ஆணைப்படி சொந்தச் சமூகச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டதால் அங்கே பின்தொடர்வது எளிது. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தின் பட்டியலிலும் ஊர் பெயரையும் மறைமாவட்டப் பெயரையும் பல எழுத்துக்கூட்டல்களில் போட்டுப் பாருங்கள்.

'அதுல்துஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால்

பின்னோக்கிப் போகப் போக ஒரு நாள் வயது வந்தவரின் ஞானஸ்நானத்தில் போய் நிற்பீர்கள். பெற்றோர் பெயர் இருக்காது, அல்லது கிறிஸ்தவர் அல்லாத பெற்றோருக்குப் பிறந்தவர் என்று மட்டும் இருக்கும். சில குருக்கள் பழைய பெயரையும் எழுதியிருப்பார்கள், அதைக் கண்டால் விடாதீர்கள். அந்தப் பதிவுக்கு முன்னும் பின்னும் அதே வாரத்தில் யார் யார் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று பாருங்கள். தனியாக வந்தவர்கள் குறைவு. அண்ணன் தம்பி குடும்பங்கள், ஒரே தெருக்காரர்கள் சேர்ந்து வந்திருப்பார்கள். பஞ்ச வருடங்களில் இப்படிப் பக்கம் பக்கமாக இருக்கும்.

அதற்கு முன்னே கோயில் ஏடு உதவாது. நிலம் வைத்திருந்த குடும்பம் என்றால் பிரிட்டிஷ் காலத்து நில அளவைப் பதிவேடுகளில் பழைய பெயரைத் தேடலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் கிராம 'அ' பதிவேட்டில் தொடங்கி, சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தொடரலாம். மதம் மாறாத பங்காளிகள் இன்னும் அதே வட்டாரத்தில் இருந்தால் அவர்களுடைய குலதெய்வக் கோயிலும் வரிதாரர் பட்டியலும் அடுத்துப் பார்க்க வேண்டியவை. நிலமில்லாத குடும்பங்களுக்கு அந்த வழியும் பெரும்பாலும் மூடியிருக்கும், அங்கே அந்த ஞானஸ்நானப் பதிவையே முதல் தலைமுறையாக எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.